‘நல்லாத்தானே ஓடுது!’ - சொந்த சர்வரை அப்டேட் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்கு ஒரு சின்ன சர்வர். அதில் உபுண்டு, அதன்மேல் என்ஜின்எக்ஸ், பிஎச்பி, மைஎஸ்கியூஎல், எல்லாவற்றுக்கும் மேலே வேர்ட்பிரஸ். வருடக்கணக்காக எழுதிவரும் பலருடைய சொந்த இணையதளம் இப்படித்தான் ஓடுகிறது. கணினி தெரிந்த நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அமைத்துக் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போயிருக்க மாட்டார்கள். கேட்டால், “நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்?” என்பதுதான் பதில்.

அந்தப் பதிலில் பாதி நியாயம் உண்டு. வேர்ட்பிரஸ், 2013-ல் வந்த 3.7 பதிப்பிலிருந்தே சின்னச் சின்ன பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. உபுண்டுவிலும் அந்த வசதி இருக்கிறது. ஆனால், இதெல்லாம் அந்தப் பதிப்புக்கு ஆயுள் இருக்கும் வரைதான். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் வழக்கமான ஆதரவு 5 ஆண்டுகள். 18.04 பதிப்புக்கு அது 2023 மே மாதத்தோடும், 20.04 பதிப்புக்கு 2025 மே மாதத்தோடும் முடிந்தது. மைஎஸ்கியூஎல் 5.7-க்கு 2023 அக்டோபர். பிஎச்பி 7.4-ஐ அதை உருவாக்கிய குழு 2022 நவம்பரிலேயே கைவிட்டுவிட்டது. அதன் பிறகும் உபுண்டு தன் பங்குக்கு ஒட்டுப்போட்டு வந்தது. ஆயுள் முடிந்த அன்று தளம் நின்றுவிடாது. வழக்கம்போல ஓடும், திருத்தங்கள் வருவது மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

“என் தளத்தை எவன் வந்து ஹேக் பண்ணப்போறான்?” என்ற கேள்வியும் வரும். ஆள் பார்த்து யாரும் வருவதில்லை. பழைய பதிப்பு எங்கே ஓடுகிறது என்று இணையம் முழுக்கத் தட்டிப் பார்ப்பது ஸ்கிரிப்டுகள். 2017 ஜனவரியில் வேர்ட்பிரஸ் 4.7.2 வெளியானது. கடவுச்சொல்லே இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஒரு பதிவைத் திருத்திவிடக்கூடிய ஓட்டையை அது அடைத்தது. ஓட்டையின் விவரம் ஒரு வாரம் கழித்து வெளியே வந்தபோது, அப்டேட் ஆகாமல் கிடந்த தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. தானியங்கி அப்டேட்டை அணைத்து வைத்திருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

தள்ளிப்போட்டால் ஏறும் படிகள்

முதலில் எந்தப் பதிப்பில் இருக்கிறோம் என்று பார்த்துவிட வேண்டும். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைந்ததும் திரையில் வரும் வரவேற்பு வரியிலேயே உபுண்டுவின் எண் இருக்கும். பிஎச்பி, மைஎஸ்கியூஎல் எண்கள் வேர்ட்பிரஸின் ‘சைட் ஹெல்த்’ பக்கத்தில் கிடைக்கும்.

உபுண்டுவில் 18.04-லிருந்து ஒரே தாவலில் 24.04-க்குப் போக முடியாது. 20.04, பிறகு 22.04, பிறகுதான் 24.04. ஒவ்வொரு படியிலும் பிஎச்பியும் சேர்ந்து மாறும்: 7.2, 7.4, 8.1, 8.3. முதல் படியிலேயே மைஎஸ்கியூஎல் 5.7-லிருந்து 8.0 ஆகும்.

உடைவது பெரும்பாலும் சில்லறை விஷயங்கள்தான். வேகத்துக்காக ‘குவெரி கேஷ்’ அமைப்பை யாராவது எப்போதோ எழுதி வைத்திருப்பார்கள். மைஎஸ்கியூஎல் 8.0-ல் அந்த வசதியே கிடையாது; அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரி மிச்சம் இருந்தால் போதும், தரவுத்தளம் எழுந்திருக்கவே மறுக்கும். பிஎச்பி மாறினால் அதன் சாக்கெட் கோப்பின் பெயரும் மாறும், என்ஜின்எக்ஸ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். வாசகருக்குத் தெரிவது ‘502’ என்ற வெள்ளைப் பக்கம் மட்டும். பழைய தீம்களும் பிளகின்களும் நம்பியிருந்த சில ஃபங்ஷன்களை பிஎச்பி 8 தூக்கிவிட்டது. அவற்றை உருவாக்கியவர் கைவிட்டுப் போயிருந்தால் வேறு தீமுக்குத்தான் மாற வேண்டும். இவை ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலை. மூன்று படியும் ஒரே ராத்திரியில் ஏறும்போது எது எங்கே உடைந்தது என்று தெரியாமல் போவதுதான் சிக்கல்.

தமிழ் எழுத்துக்கு மட்டும் தனி ஆபத்து

ஆங்கிலத் தளம் நடத்துபவர்களுக்கு இந்தப் பிரச்சினை அநேகமாகத் தெரியாது. மைஎஸ்கியூஎல் 5.7 வரை, தனியாகச் சொல்லாவிட்டால் எழுத்துகளை ‘லத்தீன்-1’ என்ற ஐரோப்பிய எழுத்துத் தொகுப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் ஆகும். பழைய தளங்கள் பலவற்றில் தமிழ் பைட்டுகள் உள்ளே போயிருக்கும், ஆனால் பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள் ‘லத்தீன்’. போடும்போதும் எடுக்கும்போதும் அதே தப்பான லேபிள் என்பதால் திரையில் தமிழ் ஒழுங்காகவே தெரியும். வருடக்கணக்கில் யாருக்கும் சந்தேகமே வராது.

8.0-ல் இயல்பான தொகுப்பு ‘யூடிஎஃப்8எம்பி4’ ஆகிவிட்டது. புதிதாக நிறுவும் வேர்ட்பிரஸும் அதையே கேட்கும். அப்போது தரவுத்தளம், “இது லத்தீன்தானே” என்று நம்பி ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாக மாற்றித் தரும். பக்கம் முழுக்க தலையில் கோடு போட்ட ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று வரிசையாக நிற்கும். பார்த்தவுடனே பதறிப்போய் எந்தப் பதிவையும் திறந்து ‘சேவ்’ கொடுத்துவிடக் கூடாது. கிறுக்கலாகத் தெரிகிறவரை பைட்டுகள் பத்திரமாக உள்ளேதான் இருக்கின்றன. பழைய சர்வரில் லத்தீன்-1 என்றே சொல்லி டம்ப் எடுத்து, அந்தக் கோப்பில் லத்தீன்-1 என்று இருக்கும் லேபிள்களை எல்லாம் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று மாற்றி, புதிய சர்வரில் ஏற்றினால் தமிழ் திரும்ப வந்துவிடும். தரவுத்தளத்துக்குள்ளேயே வெறும் கேள்விக்குறிகளாகப் பதிந்துவிட்டால்தான் கதை முடிந்தது. பழைய பேக்கப் இல்லையென்றால் அந்த எழுத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

பக்கத்து மனையில் புது வீடு

அதனால், இரண்டு பதிப்பு பின்தங்கிவிட்ட சர்வரை அதே இடத்தில் வைத்து மேம்படுத்துவதைவிட, புதிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தளத்தை அங்கே கொண்டுபோவதுதான் நல்லது. ஒரு மாதம் இரட்டை வாடகை ஆகும், அவ்வளவுதான்.

தரவுத்தளத்தின் டம்ப், படங்கள் இருக்கும் கோப்புறை இரண்டையும் புதிய சர்வரில் ஏற்ற வேண்டும். டம்ப் கோப்பு உண்மையிலேயே நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பேக்கப் என்று வருடக்கணக்கில் சேர்ந்தவை 0 பைட் கோப்புகளாக இருந்த கதைகள் நிறைய உண்டு. பிறகு சொந்த லேப்டாப்பின் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் மட்டும் டொமைன் பெயருக்குப் புதிய ஐபி எண்ணைக் கொடுத்தால், உலகம் பழைய தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதியதைச் சோதித்துவிடலாம். முகப்பை மட்டும் பார்த்தால் போதாது. இருப்பதிலேயே பழைய பதிவு, அதன் கீழே உள்ள பின்னூட்டங்கள், தமிழில் ஒரு தேடல், ஒரு படம் ஏற்றிப் பார்ப்பது எல்லாமே வேண்டும்.

மாற்றும் நாளுக்கு முந்தைய தினமே டிஎன்எஸ் பதிவின் ‘டிடிஎல்’ அளவை 300 விநாடியாகக் குறைத்துவிட்டால், மாற்றம் சீக்கிரம் பரவும். அன்று பழைய தளத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, கடைசி டம்ப் எடுத்து ஏற்றி, டிஎன்எஸ்ஸை மாற்ற வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். அதைப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் புதிய சர்வரில் அன்றே செய்துவிட வேண்டும்.

ஒரே ஒரு படிதான் ஏற வேண்டும், பழைய சர்வரிலேயே செய்துகொள்கிறோம் என்பவர்களுக்கு முதல் வேலை, வாடகை நிறுவனத்தின் பக்கத்தில் ஸ்நாப்ஷாட் எடுப்பது. நடுவில் இணைப்பு அறுந்தால் உள்ளே நுழைய உபுண்டு 1022 என்ற போர்ட்டில் இன்னொரு கதவைத் திறந்து வைக்கும். ஃபயர்வாலில் அதற்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அமைப்புக் கோப்பை மாற்றட்டுமா என்று கேட்கும் இடங்களில், கையால் திருத்திய கோப்பு என்றால் இருப்பதையே வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

புதிய சர்வருக்கு மாறியவர்கள் பழையதை உடனே அழித்துவிட வேண்டாம். இரண்டு வாரமாவது இருக்கட்டும். அழிப்பதற்கு முன் அதன் ‘கிரான்டேப்’ பட்டியலை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். தினமும் ராத்திரி பேக்கப் எடுக்கும் கட்டளை பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். தரவுத்தளத்தின் டம்ப்பிலும் அது வராது, படக் கோப்புறையிலும் வராது.