கண்ணாடித் தொட்டியில் கடல்மீன்

எப்போதும்வென்றானுக்குத் தூத்துக்குடிக் கடல் எட்டும் தூரம்தான். ஆனால் கடல்மீனை வீட்டில் வளர்க்க அந்தக் கடலிலிருந்து பவளப்பாறையைப் பெயர்த்து வரக்கூடாது. 2001 முதல் பவளத்தை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். செயற்கைப் பாறையே போதும்.

பின்புறத் தடுப்பிலேயே வடிகட்டியும் பம்பும் அமைந்த 60 லிட்டர் தொட்டி ஏற்றது. கிணற்று நீர் கரிக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள். அந்த உப்பு வேறு, கடல் உப்பு வேறு. சமையல் உப்பும் ஆகாது. கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்பை, சுத்திகரித்த நல்ல நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். தொட்டிக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் ஆகும்.

அன்றே மீன் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா மீனையே கொன்றுவிடும். வயலில் இட்ட யூரியா கடைசியில் நைட்ரேட்டாக மாறுவது நுண்ணுயிர்களால் அல்லவா? அதே வேலை தொட்டிப் பாறையிலும் நடக்க வேண்டும். தினம் ஒரு சிட்டிகைத் தீவனம் மட்டும் போட்டு 4 முதல் 6 வாரம் பொறுத்திருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன் விடலாம். இம்மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கண்டுள்ளதால், பண்ணைக் குஞ்சையே கேட்டு வாங்குங்கள்.

கோடையில் நீர் வற்றும், உப்பு வற்றாது. குறைந்த அளவுக்கு நல்ல நீரையே ஊற்ற வேண்டும். மின்சாரம் நிற்கும் நேரத்துக்கு பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.