மூணு சீட்டு தெரியும்... போக்கர் தெரியுமா? ரூல்ஸ் முதல் சட்டம் வரை!

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கப் பரமபதம், திருச்சி வீடுகளில் தீபாவளிக்கு ரம்மி, மூணு சீட்டு. போக்கர் மட்டும் பலருக்கு மொபைல் வழியாகத்தான் அறிமுகம்.

எப்படி ஆடுவாங்க?

52 சீட்டு, ஜோக்கர் கிடையாது. 'டெக்ஸாஸ் ஹோல்டம்' வகையில் ஆளுக்கு 2 சீட்டு, நடுவில் 5 பொதுச் சீட்டு. இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. பந்தயம் 4 சுற்று. மற்ற எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டால், கையில் ஒண்ணுமே இல்லாமலும் ஜெயிக்கலாம். 'ஒமாஹா'வில் கையில் 4 சீட்டு. அதில் சரியாக இரண்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

எங்கே குழம்பும்?

மூணு சீட்டில் கலரைவிட சீக்வென்ஸ் பெரிசு. போக்கரில் தலைகீழ். காரணம் கணக்கு: 3 சீட்டில் சீக்வென்ஸ் 720 விதம், கலர் 1,096 விதம். 5 சீட்டில் சீக்வென்ஸ் 10,200, கலர் 5,108. எது அரிதோ, அதற்கே மதிப்பு.

காசு வைத்து ஆடலாமா?

ஆன்லைனில் கூடாது. தமிழ்நாட்டின் 2022 சட்டம் ரம்மி, போக்கருக்குத் தடை போட்டது. இரண்டும் திறமை ஆட்டம் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

அதனால், 'டெபாசிட் பண்ணுங்க' என்று இப்போது லிங்க் வந்தால் தொடாதீங்க. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் போடுங்க.