திறன்பேசியில் ஓர் ஆற்றுப்படை

நுழையும்முன்

உடலில் பட்ட காயம் ஆறிய பின்னும் தழும்பு வெளியே தெரியும். உள்ளத்தில் பட்ட காயமோ ஆறாமல் இருக்கும்போதும் பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அக்காயத்தை ஆற்ற இன்று திறன்பேசிச் செயலிகளும் துணைக்கு வந்துள்ளன. அவற்றால் இயல்வது எது, இயலாதது எது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மனவடு

போர், விபத்து, வன்முறை, இயற்கைப் பேரிடர் ஆகியவற்றிலிருந்து உயிர் தப்பியோருள் சிலருக்கு, அந்நிகழ்ச்சி முடிந்த பின்னும் அதன் கொடுமை முடிவதில்லை. ஓர் ஓசையோ மணமோ போதும். பழைய காட்சி மீண்டும் கண்முன் நிகழ்வதுபோல் தோன்றும். நெஞ்சு படபடக்கும், உறக்கம் கெடும். அந்நிகழ்ச்சியை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் அவர்கள் தவிர்க்கத் தொடங்குவர். இவ்வாறு அவர்களது உலகம் சிறிது சிறிதாகச் சுருங்கிவிடும்.

முதல் உலகப்போரில் படைவீரர்களிடம் காணப்பட்ட இந்நிலையைக் 'குண்டு அதிர்ச்சி' என்றனர். அதனைக் கோழைத்தனம் என்று இகழ்ந்தவர்களும் உண்டு. 1980ஆம் ஆண்டு அமெரிக்க உளமருத்துவச் சங்கம், 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு' என்னும் பெயரில் இதனைத் தன் நோயறி கையேட்டில் சேர்த்தது. இது மனவலிமைக் குறைவு அன்று; மருத்துவம் பெற வேண்டிய நிலை என்பது அதனால் தெளிவாயிற்று.

பயிற்சி பெற்ற வல்லுநருடன் உரையாடிப் பெறும் உளமருத்துவம் இக்கோளாறுக்குப் பயன்தருகிறது. ஆயினும், வாரத்தில் ஒரு மணி நேரம் வல்லுநர்முன் அமர்பவர், எஞ்சிய 167 மணி நேரத்தையும் தாமே கடக்க வேண்டியுள்ளது. நள்ளிரவில் தீக்கனவு கண்டு விழித்தெழும்போது அருகில் எவரும் இருப்பதில்லை. செயலிகள் பயன்படும் இடம் இதுவே.

பிடிஎஸ்டி கோச்

அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் இணைந்து 2011ஆம் ஆண்டு 'பிடிஎஸ்டி கோச்' என்னும் செயலியை வெளியிட்டன. படைவீரர்களுக்காக உருவாக்கப்பட்டாலும், எவரும் இதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பெயரைப் பதிவு செய்து கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. அறிதல், அறிகுறிகளைக் கண்காணித்தல், அவற்றைக் கையாளுதல், உதவி பெறுதல் என்னும் நான்கு பகுதிகளை இச்செயலி கொண்டுள்ளது.

கலக்கமுற்ற ஒருவர் செயலியைத் திறந்து, தம் துன்பத்தின் அளவை எண்ணால் குறிக்கிறார். உறக்கமின்மை, சினம், அச்சம் போன்றவற்றுள் தம்மை வருத்துவது எது எனத் தேர்ந்தெடுக்கிறார். அதற்கேற்ற பயிற்சி ஒன்றைச் செயலி காட்டுகிறது. பயிற்சி முடிந்ததும் துன்பத்தின் அளவை மீண்டும் குறிக்கிறார். எண் குறைந்திருந்தால், தம்மை ஆட்கொண்ட துயரைத் தம்மாலும் தணிக்க முடியும் என்னும் நம்பிக்கை பிறக்கிறது. தமக்கு ஆறுதல் தரும் ஒளிப்படங்களையும் பாடல்களையும் நம்பிக்கைக்குரியோரின் தொலைபேசி எண்களையும் அதில் சேர்த்து வைக்கலாம்.

இப்பயிற்சிகள் எளியவை, எனினும் காரணம் உடையவை. அச்சத்தின்போது உடல் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஆயத்தமாகிறது; அதனால் இதயம் விரைந்து துடிக்கிறது. மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடும்போது, உடலை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு இதயத்துடிப்பு தணிகிறது. சுற்றியுள்ள பொருள்களைப் பார்த்தும் தொட்டும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும் பயிற்சி, கடந்த காலத்தில் சிக்கிய மனத்தை நிகழ்காலத்திற்கு மீட்கிறது.

இச்செயலியின் பயனை 120 பேரிடம் ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். மூன்று மாதம் செயலியைப் பயன்படுத்தியோருக்கு, பயன்படுத்தாமல் காத்திருந்தோரைவிட அறிகுறிகள் மிகுதியாகக் குறைந்திருந்தன. இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். செயலி இங்கு ஒப்பிடப்பட்டது மருத்துவருடன் அன்று. உதவி ஏதுமின்றிக் காத்திருத்தலுடன்தான்.

தெரிந்து தெளிவோம்

ஜோசப் வைசன்பாம் என்னும் கணினி அறிஞர் 1966ஆம் ஆண்டு 'எலிசா' என்னும் உரையாடல் நிரலை அறிமுகப்படுத்தினார். அது பயனரின் சொற்களையே மாற்றியமைத்துக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அது வெறும் நிரல் என்று அறிந்தவர்களும் அதனிடம் மனம்விட்டுப் பேசியது அவரை வியப்பிலும் கவலையிலும் ஆழ்த்தியது.

எச்சரிக்கை தேவை

செயலிகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. ஆய்வுக்கு உட்படாதவை பல. கனிவாகப் பேசும் உரையாடல் செயலி, பயனரின் துயரத்தை உணர்ந்துதான் பேசுகிறது என்று கொள்ள இயலாது. மேலும், ஒருவர் தம் உற்றாரிடமும் சொல்லாத செய்திகளைச் செயலியிடம் சொல்கிறார். பயனர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்திற்காகப் பிறருக்கு அளித்ததாக, இணையவழி ஆற்றுப்படுத்தும் நிறுவனம் ஒன்றின்மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2023ஆம் ஆண்டு அந்நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

எனவே, ஒரு செயலியை ஏற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனை உருவாக்கியோர் யாவர்? இதன் பயன் ஆராயப்பட்டுள்ளதா? நான் தரும் தகவல் எங்குச் செல்கிறது?

வழிகாட்டும் கருவி

பரிசில் பெற்ற ஒருவர், வறுமையில் வாடும் மற்றொருவருக்கு வள்ளல் இருக்கும் இடத்திற்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை இலக்கியம். ஆறு என்பது வழி. மனநலம் பேண உதவுபவரை 'ஆற்றுப்படுத்துநர்' என்று அழைப்பதும் இச்சொல்வழி வந்ததே. நல்ல செயலியும் அத்தகையதே. அது தன்னிடமே பயனரைத் தேக்கி வைக்காது. உதவக்கூடிய மனிதரிடம் செல்ல வழிகாட்டும். துன்பம் மிகுந்து, தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் எழுமாயின் செயலியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. உடனே மனிதரின் உதவியை நாட வேண்டும்.

இந்திய அரசு 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று 'டெலி மானஸ்' என்னும் சேவையைத் தொடங்கியது. 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைத்துப் பகலிலும் இரவிலும் தமிழிலேயே பேசலாம். இதன் செயலி 2024ஆம் ஆண்டு வெளியாயிற்று. உதவி கேட்பது இழிவன்று. நண்பர் ஒருவர் துயருற்றிருப்பின் அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு, ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மருத்துவரிடமோ அவருடன் செல்லுதல் நம் ஒவ்வொருவராலும் இயலும் ஆற்றுப்படையாகும்.

கற்பவை கற்றபின்

1. மனநலச் செயலி ஒன்றின் தனியுரிமைக் கொள்கையைப் படித்து, அது திரட்டும் தகவல்களைப் பட்டியலிடுக.
2. 'மனநல உதவியில் கருவியின் இடமும் மனிதரின் இடமும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.