கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

“சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்.” ஆட்குறைப்பு நடக்கும் அலுவலகங்களில் எச்.ஆர். துறை ஊழியரிடம் எழுதி வாங்கப் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஒரு வரியைத்தான். எப்படியும் வெளியே போகப் போகிறோம், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன என்று ஊழியருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் சட்டத்தில் ராஜினாமாவும் ஆட்குறைப்பும் வேறு வேறு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆட்குறைப்பு என்றால் என்ன என்பதற்கு இரண்டும் தரும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றே: தண்டனையாக அல்லாமல், வேறு எந்தக் காரணத்துக்காக நிறுவனம் ஒருவரை நீக்கினாலும் அது ஆட்குறைப்பு. அவர் தன் விருப்பத்தில் விலகினால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்புக்கென்று சட்டம் வைத்திருக்கும் உரிமைகள் அத்தனையும் அந்த ஒற்றை வரியில் போய்விடும். ஆகவே, மாற்று வேலையைத் தாராளமாகத் தேடுங்கள். ராஜினாமாவை மட்டும் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள் என்பதே என் வாதம்.

எவ்வளவு போய்விடும் என்பதைத் தொகையாகவே பார்க்கலாம். ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்க, காரணம் காட்டி ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். இல்லையேல் அந்த மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். அதோடு ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அதுவும் ஒரு முழு ஆண்டு. புதிய தொகுப்பு, மறுதிறன் பயிற்சி நிதி என்ற பெயரில் இன்னொரு 15 நாள் சம்பளத்தையும் சேர்த்திருக்கிறது. 45 நாளுக்குள் அது ஊழியரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். சட்டம் கணக்கில் எடுக்கும் சம்பளம் 60,000 ரூபாய், பணிக்காலம் எட்டு ஆண்டு ஏழு மாதம் என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸுக்கு 60,000, ஒன்பது ஆண்டுக்கான இழப்பீடு 2,70,000, பயிற்சி நிதி 30,000, ஆக 3,60,000 ரூபாய். பணிக்கொடை இதில் சேராது. அது ராஜினாமா செய்தாலும் வர வேண்டிய பணம். “இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம், எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்ற பேச்சு தாராளமாகத்தான் ஒலிக்கும். இந்தக் கணக்கில் அது 1,20,000. சில நிறுவனங்கள் சட்டத் தொகையைவிட அதிகமாகவும் கொடுக்கின்றன, அப்படியானால் யோசிக்கலாம். கணக்குப் போட்ட பிறகு யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். நீக்கும் நேரத்திலேயே இழப்பீட்டைக் கொடுக்காவிட்டால் ஆட்குறைப்பே செல்லாது என்று 1960லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“ராஜினாமா செய்யாவிட்டால் ரிலீவிங் லெட்டர் தர மாட்டார்கள், அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் பெயர் கெட்டுவிடும்” என்று பலர் அஞ்சுகிறார்கள். இது வெறும் கற்பனைப் பயமல்ல. அதை வைத்துத்தான் மிரட்டலே நடக்கிறது. ஆனால் ஆட்குறைப்புக் கடிதத்தில் என்ன இருக்கும்? இந்தப் பணியிடம் இனித் தேவையில்லை என்று இருக்கும். ஊழியரின் திறமையைப் பற்றியோ நடத்தையைப் பற்றியோ அதில் குறை எழுத இடமில்லை. எழுதினால் அது தண்டனை நீக்கம் ஆகிவிடும், அதற்கு முறைப்படி விசாரணை நடத்தியாக வேண்டும். மிரட்டி வாங்கிய ராஜினாமாவை ஒப்பந்தச் சட்டத்தின்படி ரத்து செய்யக் கோரலாம் என்பதும் உண்மைதான். ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்கும் சுமை கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும். அதைவிட, அன்று மாலையே “என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு அதில் விருப்பமில்லை, காரணத்தை எழுத்தில் தாருங்கள்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவது எளிது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பணி மதிப்பீடு இவற்றின் நகல்கள் கையில் இருக்கட்டும். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தபின் தேடினால் கிடைக்காது.

இனி மாற்று வேலை. நிறுவனத்துக்குள்ளேயே வேறு பணியைக் காட்டுகிறார்கள் என்றால் இந்தியச் சட்டம் ஓரிடத்தில்தான் தெளிவாகப் பேசுகிறது. அது லே-ஆஃப் பற்றிய பிரிவு. செய்தித்தாள்கள் வேலை நீக்கத்தையே லே-ஆஃப் என்று எழுதிப் பழகிவிட்டன. சட்டத்தில் லே-ஆஃப் என்பது வேலையில் வைத்துக்கொண்டே, வேலை தர முடியாத நாட்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுப்பது. அந்த நாட்களில் அதே முதலாளி எட்டு கிலோமீட்டருக்குள், தனித்திறனோ முன்அனுபவமோ தேவைப்படாத வேலையைப் பழைய சம்பளத்துக்கே கொடுத்து, ஊழியர் மறுத்தால் இழப்பீடு இல்லை. தூரம், வேலையின் தன்மை, சம்பளம் என நியாயமான மாற்று வேலைக்கு ஓர் அளவுகோல் இதில் இருக்கிறது. ஆட்குறைப்புக்கு இப்படியொரு அளவுகோலை நம் சட்டம் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சென்னையில் இருப்பவருக்கு நொய்டாவில் இடம் காட்டிவிட்டு, மறுத்தால் நீங்களே விலகியதாகக் கொள்வோம் என்று சொல்ல முடிகிறது. பிரிட்டனின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவு. மாற்று வேலை பொருத்தமானதாக இருக்க வேண்டும். நிபந்தனைகள் மாறுவதாக இருந்தால் நான்கு வாரம் பார்த்துவிட்டு, ஒத்துவராது என்று நியாயமான காரணத்தோடு விலகினால் இழப்பீடு போகாது. நோட்டீஸ் காலத்தில் வேலை தேடிப்போக நேரமும் உண்டு. நம் தொகுப்பு எழுதப்பட்டபோது இதையும் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

குழும நிறுவனத்துக்கு மாற்றுவது இன்னும் நுட்பமான விஷயம். “இங்கே ராஜினாமா செய்துவிட்டு அங்கே சேருங்கள்” என்பார்கள். மேசை, நாற்காலி, மேலாளர் எதுவும் மாறாது. பணிக்காலம் மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அடுத்த ஆண்டு அங்கும் ஆட்குறைப்பு வந்தால் எட்டு ஆண்டு உழைப்பு கணக்கிலேயே இருக்காது. தொழில் கைமாறும்போது பணி துண்டிக்கப்படாமல், நிபந்தனைகள் குறையாமல், பழைய பணிக்காலத்தையும் சேர்த்து இழப்பீடு தரும் பொறுப்பைப் புதிய முதலாளி ஏற்றால் மட்டுமே, அந்த மாற்றத்துக்காக ஆட்குறைப்பு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. அதே நிபந்தனைகளை மாற்றல் கடிதத்திலும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வெளியே வேலை கிடைத்தால் உரிமை போய்விடுமா? நீக்கக் கடிதம் வந்தபின் மறுநாளே வேறு இடத்தில் சேர்ந்தாலும் இழப்பீடு குறையாது. அது கடந்த ஆண்டுகளுக்கான பணம். நீக்கம் செல்லாது என்று வழக்கு நடத்துபவர்களுக்கு மட்டும் வேறுபாடு உண்டு: இடைக்காலத்தில் வேறு சம்பளம் வாங்கியிருந்தால் பின்சம்பளம் குறையலாம். வேலையில்லாமல் இருந்தேன் என்று ஊழியர் சொன்னால், இல்லை, சம்பாதித்தார் என்று காட்ட வேண்டியது நிறுவனம் என 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. ஓராண்டுக்குள் நிறுவனம் மறுபடி ஆள் எடுத்தால் அவருக்குத்தான் முன்னுரிமை. ராஜினாமா செய்தவருக்கு அது இல்லை.

இப்படியெல்லாம் கட்டுப்படுத்தினால் நிறுவனங்கள் ஆள் எடுக்கவே தயங்கும் என்பது தொழில் துறையின் பழைய வாதம். ஆனால் 300 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இவற்றுக்குத்தான் அரசின் முன்அனுமதி தேவை. பழைய சட்டத்தில் அந்த எண் 100. மற்றவர்களுக்குத் தடை எதுவும் இல்லை, ஒரு விலைதான் இருக்கிறது. ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற அந்த விலை ஒரு நிறுவனத்தை முடக்கிவிடும் என்று நம்புவது கடினம். நான் ஒப்புக்கொள்ளும் குறை வேறு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இந்தப் பாதுகாப்புக்குள் வர மாட்டார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று இருப்பதால் மட்டும் ஒருவர் வெளியே போய்விடுவதில்லை. உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. நாள் முழுக்க நிரல் எழுதும் ‘டீம் லீட்’ தன்னைத்தானே அதிகாரி என்று எண்ணிக்கொண்டு ஒதுங்க வேண்டியதில்லை. குறித்த கால ஒப்பந்தம் முடிந்து போகிறவர்களுக்கும் இந்த இழப்பீடு இல்லை.

நீக்கக் கடிதத்தில் உள்ள தேதியைக் குறித்து வையுங்கள். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாளில் தீர்வு வராவிட்டால், தொழிற்சங்கம் இல்லாதவரும் நேராகத் தீர்ப்பாயம் போகலாம். முன்பு அதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. இப்போது இரண்டு ஆண்டுதான்.