கொள்ளையரைத் துரத்தாதே, ஷேக்கைப் பிடி
கடல் எழுதிய வரலாறு – 17

ராஸ் அல் கைமா 1819 டிசம்பர் 9 அன்று பம்பாய்ப் படையிடம் விழுந்தது வரை சென்ற வாரம் பார்த்தோம். மேஜர் ஜெனரல் வில்லியம் கிராண்ட் கீர் கொண்டுவந்த சுமார் 3,000 பேர் கோட்டைகளை இடித்தார்கள், துறையில் கிடந்த படகுகளைக் கொளுத்தினார்கள். வந்த வேலை முடிந்தது, இனி கப்பலேற வேண்டியதுதான். ஆனால் கீர் கிளம்பவில்லை.

1809 நவம்பரிலும் இதே ஊரை இதே மாதிரி எரித்துவிட்டுத்தான் பம்பாய்க்காரர்கள் திரும்பியிருந்தார்கள். ஊரை ஆண்ட அல் காசிமிகள் மறுபடி படகு கட்டிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் கடல் பழையபடியே ஆனது. மூன்றாவது முறையும் செலவு செய்து படை அனுப்ப பம்பாய் அரசாங்கத்துக்கு மனமில்லை. கொள்ளைக்குப் போகும் ஒவ்வொரு படகையும் துரத்திக்கொண்டிருக்க முடியாது, கரையில் யாராவது ஒருவர் அந்தப் படகுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கீர் முடிவு செய்தார். வளைகுடாவின் அடுத்த நூற்றைம்பது ஆண்டு அரசியல் இந்த எண்ணத்திலிருந்துதான் கிளைத்தது.

1820 ஜனவரி 8 தொடங்கி, கரையோர ஷேக்குகள் ஒவ்வொருவராக வந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் அரபு வாசகத்தில் முக்கியப் பங்கு கீரின் மொழிபெயர்ப்பாளரான கேப்டன் தாமஸ் பெரனெட் தாம்சனுடையது. நிலத்திலும் கடலிலும் கொள்ளை இனி என்றைக்கும் கூடாது என்பது முதல் ஷரத்து. சரணடைந்து ஆயுதத்தைக் கீழே போட்டவர்களைக் கொல்வதும் கொள்ளையாகவே கருதப்படும் என்று இன்னொரு ஷரத்து. நட்பு அரபுகளின் படகுகள் சிவப்புக் கொடியும் அதைச் சுற்றி வெள்ளைக் கரையும் கட்ட வேண்டும் என்றது வேறொன்று. இன்றைக்கும் ஷார்ஜா, ராஸ் அல் கைமா கொடிகள் அப்படித்தான் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட அழுத்தமானது காகித விஷயம். ஒவ்வொரு படகிலும் இரண்டு காகிதங்கள் இருக்க வேண்டும். முதலாவதில் படகின் பெயர், நீளம், அகலம், எவ்வளவு சரக்குப் பிடிக்கும் என்ற விவரம். இரண்டாவதில் உடைமையாளர் பெயர், படகை நடத்தும் நக்கோடாவின் பெயர், ஆட்கள் எத்தனை, ஆயுதங்கள் எத்தனை, எந்தத் துறையிலிருந்து எப்போது புறப்பட்டது, எங்கே போகிறது என்ற விவரம். இரண்டிலும் அந்த ஊர் ஷேக்கின் கையெழுத்து. கடலில் எதிர்ப்படும் பிரிட்டிஷ் கப்பல் கேட்டால் இரண்டையும் நீட்ட வேண்டும். அதாவது, நடுக்கடலில் ஒரு படகு செய்யும் தப்புக்குக் கரையில் கையெழுத்துப் போட்டவர் ஜவாப்தாரி.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அரசு அரசின் மீது அறிவித்து நடத்தும் போர் கொள்ளையாகாது என்று அதுவே சொன்னது. அபுதாபிக்கும் ஷார்ஜாவுக்கும் பகை என்றால் ஒருவர் படகை ஒருவர் மறிப்பது போர்ச் செயல். பேரீச்சம்பழமும் அரிசியும் ஏற்றிவந்த படகைப் பறிகொடுத்த நக்கோடாவுக்குப் போரென்றாலும் கொள்ளையென்றாலும் நஷ்டம் ஒன்றுதான். அவன் படகில் இருந்த சரக்கில் ஒரு பகுதி பல சமயம் சிந்திலிருந்தும் கட்சிலிருந்தும் போய்க் கடை வைத்திருந்த பனியா வியாபாரிகளுடையது. அரபுப் படகு கொள்ளை போனால் பிரிட்டிஷ் இந்தியக் குடிமகனின் முதலும் சேர்ந்து போகும். அரபுகளுக்குள் நடக்கும் சண்டை நமக்கெதற்கு என்று அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கரையில் இறங்கியே தண்டித்தால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். 1820 நவம்பரில் ஓமானின் பனீ பூ அலி குடியினர் மீது கடல் கொள்ளைக் குற்றம் சாட்டி, மஸ்கட் ஆட்சியாளர் சையித் சயீதின் படையோடு சேர்ந்து பம்பாய்ச் சிப்பாய்கள் உள்நாட்டுக்குள் நடந்தார்கள். தலைமை தாங்கியவர் ஒப்பந்தம் எழுதிய அதே தாம்சன். பனீ பூ அலியினர் வாளோடு பாய்ந்து வர, சிப்பாய்களில் பெரும்பாலோர் மடிந்தார்கள். தாம்சன் ராணுவ விசாரணைக்கு உள்ளாகிக் கண்டனம் வாங்கினார். அடுத்த ஆண்டு பெரிய படை அனுப்பிப் பழி தீர்த்துக்கொண்டாலும், பம்பாய் கையைச் சுட்டுக்கொண்டதென்னவோ உண்மை. கடலில் மட்டும் கை வைப்போம், நிலத்தில் அவர்கள் எப்படியோ போகட்டும் என்ற கொள்கை அதன்பின் கெட்டிப்பட்டது.

நிலத்தைத் தொடாமல் கடலை அடக்குவதற்கு வழி காட்டியது முத்து. கோடை தொடங்கிச் செப்டம்பர் வரை வளைகுடாவின் முத்துத் திட்டுகளில் எல்லாக் குடிகளின் படகுகளும் பக்கத்தில் பக்கத்தில் நங்கூரமிட்டு நிற்கும். மூக்கில் கவ்வி, காலில் கல், இடுப்பில் கூடையோடு ஆள் இறங்க, மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் இழுத்துவிடுவான். நம் மன்னார் வளைகுடாவில் சலாபம் என்ற முத்துக்குளிப்பு அரசாங்கத்தின் சொத்து; எந்த ஆண்டு குளிக்கலாம் என்பதை அரசாங்கமே தீர்மானிக்கும். அங்கே அப்படியில்லை. திட்டுகள் கரையோர அரபுகள் எல்லோருக்கும் பொது. அந்த மாதங்களில் ஊரில் வலுவுள்ள ஆண்கள் பெரும்பாலும் கடலில்தான் இருப்பார்கள். ஆகவே சண்டை மூண்டால் நஷ்டம் இரு தரப்புக்கும். நக்கோடாவிடம் முன்பணம் வாங்கிக் கடனில் மூழ்கியிருக்கும் குளியாளுக்கு ஒரு பருவம் தவறினால் மீட்சியே இல்லை.

1835 தொடக்கத்தில் அபுதாபியின் பனீ யாஸ் படகுகள் கப்பல்களைத் தொடர்ந்து மறிக்க, கிழக்கிந்தியக் கம்பெனியின் எல்ஃபின்ஸ்டன் போர்க்கப்பல் அவர்களோடு மோதி முறியடித்தது. வளைகுடாவுக்கான பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்டின் அலுவலகம் பாரசீகக் கரையில் பூஷெஹரில் இருந்தது. அந்த ரெசிடென்சியின் பொறுப்பில் அப்போது இருந்தவர் சாமுவேல் ஹென்னல். முத்துப் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. நிரந்தர சமாதானம் பேசினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அதைப் பற்றிப் பேசவே இல்லை. பருவம் முடியும்வரை கடலில் மட்டும் சண்டை வேண்டாம் என்று கேட்டார். 1835 மே 21 அன்று அபுதாபி, ஷார்ஜா, துபாய், அஜ்மான் தலைவர்கள் ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். கரையில் அடித்துக்கொள்வதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

பருவம் அமைதியாக முடிந்தது. அடுத்த ஆண்டு எட்டு மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். பிறகு ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள். 1843-ல் பத்தாண்டுக்கு ஒப்பந்தம். 1853 மே மாதம், ரெசிடென்ட் கெம்பல் காலத்தில், அது நிரந்தரக் கடல் சமாதானமானது. இடையில் ஹென்னல் வளைகுடாவின் வரைபடத்தில் ஒரு கோடும் போட்டார். பகை தீர்க்கப் போகும் படகுகள் அதைத் தாண்டி வர்த்தகப் பாதைக்குள் வரக்கூடாது.

1853 ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஒரே ஒரு ஷரத்து. ஒருவர் படகை இன்னொருவர் ஆட்கள் தாக்கினால், பாதிக்கப்பட்டவர் உடனே பழி வாங்கக் கிளம்பக்கூடாது. ரெசிடென்டிடமோ கிஷ்ம் தீவின் பாசிதூவில் இருந்த கடற்படைத் தளபதியிடமோ சொல்ல வேண்டும். குற்றம் தெளிவாக நிரூபணமானால் அவர்கள் நஷ்டஈடு வாங்கித் தருவார்கள். நடைமுறையில் பல புகார்கள் முதலில் போய்ச் சேர்ந்தது ஷார்ஜாவில் இருந்த ரெசிடென்சி ஏஜென்டிடம். அவர் வெள்ளைக்காரர் அல்ல, வட்டாரத்து முஸ்லிம் வியாபாரி. எந்த நக்கோடா எந்தக் குடி, யாருக்கு யார் மைத்துனர், யார் யாருக்குக் கடன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் எழுதும் கடிதம் பூஷெஹருக்குப் போகும். அங்கிருந்து குற்றவாளிக்கு எதுவும் போகாது, அவன் ஷேக்குக்குக் கணக்கு போகும். அவர் கட்டத் தயங்கினால் துறைக்கு எதிரே ஒரு போர்க்கப்பல் வந்து நிற்கும். நிலத்தில் கால் வைக்காமலேயே காரியம் முடியும்.

இந்த ஏற்பாடு ஷேக்குகளை என்ன செய்தது என்பதுதான் இந்த வாரத்தின் விஷயம். பாலைவன வழக்கத்தில் ஷேக் என்பவர் குடியின் முதல் மனிதர், அவ்வளவுதான். அவர் பேச்சு பிடிக்காதவர்கள் குடும்பத்தோடு கிளம்பி வேறு ஊரில் குடியேறலாம். 1833-ல் பனீ யாஸின் அல் பூ ஃபலாசா பிரிவினர் அபுதாபியை விட்டு அப்படிக் கிளம்பியதில்தான் மக்தூம் குடும்பத்தின் துபாய் பிறந்தது. அவர்களைத் தொடர்ந்து 1835-ல் குபைசாத் பிரிவினர் கத்தாருக்குத் தெற்கே ஹோர் அல் உதைதில் போய் உட்கார்ந்தார்கள். அந்தத் துறையில் கடல் கொள்ளையர் தங்குகிறார்கள் என்று புகார் வந்தபோது அபுதாபி ஷேக் கலீஃபா பின் ஷக்பூத்துக்குச் சரியான பிடி கிடைத்தது. இவர்கள் செய்வதற்கு நான் பொறுப்பென்றால் இவர்களை அடக்கும் உரிமையும் எனக்கு வேண்டாமா? பிரிட்டிஷ் ஒப்புதலோடு 1837-ல் அவர் உதைதைத் தாக்கி அழித்தார். கொள்ளையை ஒழிக்க வந்த ஏற்பாடு, பிரிந்து போகும் பழைய சுதந்திரத்தையும் சேர்த்து ஒழித்தது.

அதே சூத்திரம் 1868-ல் இன்னொரு நாட்டுக்கு அடித்தளம் போட்டது. முந்தைய ஆண்டு பஹ்ரைனும் அபுதாபியும் கைகோத்துக் கடல்வழியே வந்து தோஹாவையும் வக்ராவையும் சூறையாடியிருந்தன. ரெசிடென்ட் லூயிஸ் பெல்லி கப்பல்களோடு வந்து, பஹ்ரைன் ஷேக் முகம்மது பின் கலீஃபாவின் போர்ப் படகுகளை எரித்து, அவர் தம்பி அலியை ஆட்சியில் உட்காரவைத்தார். கத்தார் தரப்பில் யாரைப் பொறுப்பாக்குவது? தோஹாவில் செல்வாக்கோடு இருந்த முகம்மது பின் தானியிடம், பகை நோக்கத்தோடு கடலில் இறங்க மாட்டேன், தகராறு வந்தால் ரெசிடென்டிடம் கொண்டுவருவேன் என்று 1868 செப்டம்பர் 12 அன்று எழுதி வாங்கினார். அதுவரை பஹ்ரைனின் நிழலில் இருந்த கத்தாருக்குத் தனி முகம் கிடைத்தது. தானி குடும்பம்தான் இன்றைக்கும் அங்கே ஆள்கிறது.

கொள்ளை என்ற குற்றச்சாட்டே பெரும்பாலும் கட்டுக்கதை, வளைகுடா வர்த்தகத்தைக் கைப்பற்றக் கம்பெனி கண்டுபிடித்த சாக்கு என்று ஷார்ஜா ஆட்சியாளர் சுல்தான் பின் முகம்மது அல் காசிமி 1986-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் வாதத்தை முழுவதும் ஏற்காத வரலாற்றாசிரியர்களும் உண்டு. முத்துப் படகுகள் கோடைதோறும் போய்வர முடிந்தது, ஷேக்குகள் தாங்களாகவே புதுப்பிக்கச் சம்மதித்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் யாருடையது போர், யாருடையது கொள்ளை என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலி பூஷெஹரில் மட்டும் இருந்தது. ராஸ் அல் கைமாவை இரண்டு முறை எரித்ததற்கு யாரும் யாரிடமும் நஷ்டஈடு கேட்க முடியவில்லை.

அந்த நாற்காலியின் கை நீண்டுகொண்டே போனது. கடனைக் கட்டாமல் அடுத்த ஷேக்கிடம் ஓடிப்போகும் குளியாட்களைத் திருப்பி ஒப்படைக்க 1879-ல் ஒரு உடன்பாடு. 1892-ல் பிரிட்டனைத் தவிர வேறெந்த நாட்டோடும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை, மண்ணில் ஒரு துண்டையும் வேறு யாருக்கும் தருவதில்லை என்று ஷேக்குகள் எழுதிக் கொடுத்தார்கள். படகுக் காகிதத்தில் கையெழுத்துப் போட வைத்தபோது கீர் இவ்வளவு தூரம் யோசித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒருவரைப் பொறுப்பாளியாக்கினால் அவரைக் காப்பாற்றவும் வேண்டும், காப்பாற்றுகிறவர் அவருக்குப் பதிலாகப் பேசவும் தொடங்கிவிடுவார். 1971-ல் பிரிட்டன் வளைகுடாவை விட்டு விலகியபோது ஆட்சியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. அபராதம் கட்டிக் கட்டியே அரசர்களானவர்களின் வாரிசுகள் தயாராக இருந்தார்கள்.

அடுத்த வாரம்: 1820 ஒப்பந்தத்தின் ஒன்பதாவது ஷரத்து ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கடத்துவதும் கடல் கொள்ளையே என்றது. அதற்குப் பிறகும் அடிமைப் படகுகள் எப்படி வந்துகொண்டேயிருந்தன?