டாலர் கணக்கு: சிறு ஏற்றுமதியாளருக்கு லாபமும் உண்டு, கெடுவும் உண்டு

புது தில்லி: ஜெய்ப்பூரில் வண்ணக் கற்களைப் பட்டை தீட்டும் சிறு நிறுவனங்கள், ஜாம்பியா போன்ற நாடுகளின் மரகதக் கற்களை டாலர் கொடுத்து வாங்குகின்றன. பட்டை தீட்டிய கற்களை அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு அனுப்பி, விலையை டாலரிலேயே பெறுகின்றன. வந்த டாலரை ரூபாயாக்கி, அடுத்த கொள்முதலுக்கு மீண்டும் டாலர் வாங்கினால் இழப்பு நேர்கிறது. வங்கி டாலரை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் என்று கொண்டால், 10 ஆயிரம் டாலருக்கு 10 ஆயிரம் ரூபாய் கைவிட்டுப் போகும்.

இந்த இழப்பைத் தவிர்க்க உதவுவதே, அன்னியச் செலாவணி ஈட்டுவோருக்கான இ.இ.எஃப்.சி. கணக்கு. 1992-ல் அறிமுகமான இக்கணக்கை, அன்னியச் செலாவணி வணிகத்துக்கு அனுமதி பெற்ற வங்கிகளில் தனிநபரும் நிறுவனமும் தொடங்கலாம். ஏற்றுமதி வருவாய் முழுவதையும் டாலராகவோ யூரோவாகவோ இதில் வரவு வைக்கலாம். ஆனால், வெளிநாட்டில் வாங்கிய கடனையும் அங்கிருந்து வந்த முதலீட்டையும் இதில் சேர்க்க முடியாது. இது நடப்புக் கணக்கு என்பதால் வட்டி கிடையாது.

பொருள் ஏற்றுமதி செய்வோர், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வழங்கும் ஏற்றுமதி - இறக்குமதிக் குறியீட்டு எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். அத்துடன் பான் எண், நிறுவனப் பதிவுச் சான்று போன்றவற்றை வங்கி கேட்கும்.

கவனிக்க வேண்டியது காலக்கெடுவைத்தான். ரூபாய் மதிப்பு வேகமாகச் சரிந்துவந்த 2012 மே மாதத்தில், இக்கணக்குகளில் இருந்த இருப்பில் பாதியை ரூபாயாக மாற்றுமாறு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஏற்றுமதியாளர்கள் மேலும் நல்ல விலையை எதிர்பார்த்து டாலரை முடக்கி வைத்தால் சந்தையில் தட்டுப்பாடு கூடும் என்பதே அதற்குக் காரணம். அந்த ஆண்டு ஜூலையில் முழு வருவாயையும் வரவு வைக்க மீண்டும் அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. ஒரு மாதத்தில் வரவான தொகையில், அனுமதிக்கப்பட்ட செலவுகளுக்கும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கடப்பாடுகளுக்கும் உரியது போக மீதியை, அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் ரூபாயாக மாற்றிவிட வேண்டும். ஏப்ரல் வரவுக்கு மே 31 கெடு. அவ்வாறு மாற்றிய ரூபாயை மீண்டும் டாலராக்கி இக்கணக்கில் சேர்க்க இயலாது.

குஜராத்தின் கிஃப்ட் சிட்டி சர்வதேச நிதிச் சேவை மையத்தில் உள்ள வங்கிகளில் ஏற்றுமதியாளர்கள் வைத்திருக்கும் வெளிநாட்டு நாணயக் கணக்குகளுக்கு மட்டும், இக்கெடுவை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதங்களாக நீட்டிப்பதாக 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது.

ஆகவே, டாலர் விலை ஏறும் என்று காத்திருப்பதற்கு இக்கணக்கு ஏற்றதல்ல. டாலரில் வரவும் செலவும் உள்ளவர்களுக்கே இது பயன்தரும். இறக்குமதிக்குப் பணம் கட்ட வேண்டிய நாளையும் அதற்கான ஆவணங்களையும் மாத முடிவுக்கு முன்பே வங்கியிடம் தெரிவித்துவிட்டால், தேவையான டாலர் கணக்கிலேயே இருக்கும். கெடுவை மறந்தால், தவிர்க்க நினைத்த இழப்பே திரும்பவும் வந்து சேரும்.