தீயைச் சுடவிடாத மணி… தெரியுமா?

உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்புக்குள்தான் இருக்கிறார், தெரியுமா? மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்புக் களைவார்கள்! மத்தளச் சத்தத்தைக்கூட மரகதம் தாங்காது, அதற்குத்தான் இந்தக் காப்பு என்பது ஊர்வழக்கு. அது இருக்கட்டும். மத்தளத்திலிருந்து சிலை வரைக்கும் எந்தப் பொருளும் போவதில்லை என்பது தெரியுமா? நடுவில் உள்ள காற்று ஆடிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது. போய்ச் சேர்வது ஆற்றல் மட்டுமே!

அப்படியானால் ஆற்றல் தனியாக ஒரு பொருளா?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டுத் தத்துவவாதிகள் ஒரு மணியை, அதாவது ரத்தினக் கல்லை, வைத்தே மல்லுக்கட்டினார்கள்! தீக்குப் பக்கத்தில் அந்த மணியை வைத்தால் தீ சுடாதாம், எடுத்துவிட்டால் சுடுமாம். (எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்காதீர்கள்.) தீ அப்படியே இருக்கிறது, சுடுவது மட்டும் நின்றுபோகிறது. ஆகவே தீக்குள் ‘சக்தி’ என்று வேறொன்று இருந்தாக வேண்டும், மணி முடக்கியது அதைத்தான் என்றார்கள் மீமாம்சைத் தத்துவத்தார். அவர்களில் பிரபாகரர் என்ற ஆசிரியரின் வழியினர் சக்தியைத் தனிப் பொருள்வகையாகவே கணக்கில் சேர்த்தார்கள். நியாயத் தத்துவத்தார் விடுவார்களா? தடை இல்லாமலிருப்பதும் எரிவதற்கு ஒரு காரணம்தானே, தனிச் சக்தி எதற்கு என்று மடக்கினார்கள்!

சைவ சித்தாந்தத்தின் வழி வேறு. பதி, பசு, பாசம் என்று பொருள் மூன்றுதான். சக்தி நான்காவது பொருள் அல்ல! தீயும் சூடும் போலச் சிவத்தை விட்டுப் பிரியாத குணம் அது.

ஐரோப்பாவிலோ வெப்பத்தையே ஒரு பாய்மப் பொருள் என்று நம்பினார்கள்! வேதியியலாளர் லவாய்சியர் 1789-இல் தம் தனிமப் பட்டியலில் ‘கலோரிக்’ என்ற அந்தப் பாய்மத்துக்கும் இடம் கொடுத்தார். பீரங்கிக் குழாயைக் குடையக் குடைய வெப்பம் தீராமல் வருவதை 1798-இல் ரம்ஃபோர்டு என்ற அறிஞர் எடுத்துச் சொன்னார். தீராமல் ஊறுவது எப்படிப் பொருளாகும்? அப்படியும் 1895-இல், லூபெக் நகரக் கூட்டத்தில், ஆற்றலே அடிப்படை, அணுவே வேண்டாம் என்று வேதியியலாளர் ஓஸ்ட்வால்டு, அணுவை ஆதரித்த இயற்பியலாளர் போல்ட்ஸ்மானோடு மோதினார். பிற்பாடு ஓஸ்ட்வால்டே அணுவை ஒப்புக்கொண்டார்!

சூரியன் நொடிக்கு 40 லட்சம் டன்னுக்கும் மேல் நிறையை இழந்துதான் ஒளிர்கிறது, தெரியுமா? உத்தரகோசமங்கை இருக்கும் இதே ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடுவது அந்த ஒளியில்தான். ஆற்றலோடு நிறையும் போகிறதே, நிறை இருந்தால் பொருள்தானே என்கிறீர்களா? பாம்பன் பாலத்தில் ரயிலில் போகிறீர்கள். மடியில் இருக்கும் பைக்கு உங்கள் கணக்கில் இயக்க ஆற்றல் பூஜ்ஜியம். கீழே படகில் நிற்கும் மீனவர் கணக்கில் அதே பைக்கு ஆற்றல் உண்டு! ஆளுக்கு ஆள் அளவு மாறுவதைப் பொருள் என்று எப்படிச் சொல்வது?

ஆற்றல் குணம்தான், பொருள் அல்ல. இதுவே என் கட்சி. அதற்காகச் சித்தாந்தம் ஐன்ஸ்டைனை முந்திவிட்டது என்று மட்டும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள். அது பேசியது இறைவனைப் பற்றி.